வீட்டுத் துணியில் ஒரு விக்கிரமாதித்தன்



ஆண்டு விழாவில் எங்கள் ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு நடித்த ‘விக்கிரமாதித்தனும் வேதாளமும்’ நாடகத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது முடிந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கும் ஒரே கேள்வி, “ஏ, அந்த வேதாளத்த எந்தக் கடையில வாடகைக்கு எடுத்தீங்க?” என்பதுதான். கடையில் எடுக்கவில்லை தோழிகளே! ராஜாவின் அங்கி முதல் வேதாளத்தின் தலைமுடி வரை எல்லாமே வீட்டில் கிடந்த பழைய துணியிலும் அட்டையிலும் நாங்களே செய்தவை. அடுத்த வருடம் நாடகம் போடப் போகும் தங்கைகளுக்கு உதவியாக இருக்கும், செய்முறையைச் சுவர் இதழில் எழுது என்று தமிழம்மா சொன்னார்கள். செய்முறையோடு நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்து எழுதுகிறேன். அதை விட்டுவிட்டால் இது அரைப் பாடம்தான்.

★ ஆசை வந்த கதை

எங்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ‘அம்புலிமாமா’ இதழ்கள் பைண்டு செய்து கிடக்கின்றன. இப்போது அந்த இதழ் வெளிவருவதில்லை. 1947 ஜூலையில் நாகிரெட்டி, சக்கரபாணி என்ற இருவரும் சென்னையில் தொடங்கிய இதழ் அது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது விக்கிரமாதித்தன் - வேதாளம் கதைத் தொடர். ஒவ்வொரு மாதமும் ராஜா முருங்கை மரத்தில் ஏறிப் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். அதற்குள்ளிருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். பதில் சொன்னாலோ மௌனம் கலைந்துவிடும், வேதாளம் மறுபடியும் மரத்தில் ஏறிவிடும்!

மூலத்தில் இந்தக் கதைகள் 25தான். காஷ்மீரத்தில் 11-ஆம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய ‘கதாசரித்சாகரம்’ என்ற வடமொழி நூலில் அவை இருக்கின்றன. அம்புலிமாமாக்காரர்கள் அதே அமைப்பில் புதிது புதிதாகக் கதை எழுதிப் பல வருடங்கள் தொடர்ந்தார்கள். ராஜா ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாகச் சுடுகாட்டில் நடக்கும் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். கே.சி. சிவசங்கரன் என்பது அவருடைய முழுப்பெயர். 1924-ல் பிறந்து 2020-ல் மறைந்தார். மறைவுக்குப் பிறகு 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அந்தப் படத்தை அப்படியே மேடையில் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆனால் வாடகை விசாரித்தால் ராஜா உடை, கிரீடம், வாள், சவுரிமுடி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். முன்பணம் தனி. வகுப்பில் சேர்ந்த காசு 640 ரூபாய். “அப்ப நாடகத்த விட்டுட்டு ஒரு பாட்டுக்கு ஆடிரலாமா?” என்று பாதிப் பேர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் அம்மா வீட்டில் மிதி மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறார்கள். அந்தத் தைரியத்தில், “நான் தச்சுத் தர்றேன்” என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அதுவரை நான் தைத்தது ஒரே ஒரு தலையணை உறைதான்!

★ ராஜா உண்மையில் என்ன உடுத்தினார்?

வேலையைத் தொடங்கும்போது பெரிய சந்தேகம் வந்தது. வெல்வெட் இல்லாமல் ராஜாவா? இதைச் சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

1010-ல் கட்டி முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுவரில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன. மேலே பூசியிருந்த பிற்கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த அவற்றை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற பேராசிரியர் கண்டுபிடித்தார். அவற்றில் ஆண்கள் பெரும்பாலும் இடுப்பில் ஆடையும் மேலே நகைகளுமாகத்தான் இருக்கிறார்கள். அப்படியானால் நாம் பார்க்கும் பளபளா வெல்வெட் ராஜா எங்கிருந்து வந்தார்? நாடக மேடையிலிருந்து! 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாய்ப் பக்கமிருந்து பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக வந்தன. அவர்களுடைய வெல்வெட்டும் ஜரிகையும் திரைச்சீலையும் நம் ஊர் நாடகங்களையும் பிடித்துக்கொண்டன. அங்கிருந்து காலண்டருக்கும் சினிமாவுக்கும் போய்விட்டன.

ஆக, ராஜா உடை என்பதே மேடைக்காக உண்டாக்கியதுதான். பார்க்கிறவர்கள் முப்பது நாற்பது அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு வெல்வெட்டா பெட்ஷீட்டா என்று தெரியாது. நிறம் தெரியும், உருவம் தெரியும், பளபளப்பு தெரியும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் ராஜா ராஜாதான்.

★ சேகரித்த பொருட்கள்

1. பழைய அரக்கு நிற பெட்ஷீட் ஒன்று (60 அங்குல அகலம், 90 அங்குல நீளம்) - அங்கிக்கு.
2. அம்மாச்சியின் பழைய கருநீலச் சுங்குடிச் சேலை - ராஜாவின் மேலாடைக்கு.
3. தாத்தாவின் நாலு முழ வேட்டி இரண்டு - வேதாளத்துக்கு.
4. எட்டு முழ வேட்டி ஒன்று - ராஜாவுக்குப் பஞ்சகச்சம் கட்ட. இதில் கத்திரி படவே கூடாது!
5. பழைய கல்யாணப் பத்திரிகைகள், அட்டைப் பெட்டி, செய்தித்தாள்.
6. பூ மார்க்கெட்டில் வாங்கிய வாழை நார், வாழைச் சருகு.
7. ஒரு படி புளியங்கொட்டை.

காசு கொடுத்து வாங்கியவை: ஜரிகை லேஸ் 120, தங்க நிறத் தாள் 60, பெவிகால் 50, வெல்க்ரோ 40, நூல் 40, டீத்தூள் 35, சமிக்கி 30, எலாஸ்டிக் 20. மொத்தம் 395 ரூபாய்.

★ அங்கி தைக்கும் முறை

முதலில் துணியைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால் ராஜா மூச்சுவிட முடியாது.

அடுத்து அளவு. ராஜா வேஷம் போட்ட தோழிக்கு மார்புச் சுற்று 28 அங்குலம், தோள் 13 அங்குலம், தோளிலிருந்து முழங்கால் வரை 34 அங்குலம். இங்கேதான் என் முதல் கணக்கு தப்பானது. மார்புச் சுற்றோடு தளர்வுக்கு 4 அங்குலம் மட்டும் சேர்த்துத் தைத்தேன். நிற்கும்போது அழகாகத்தான் இருந்தது. ஒத்திகையில் அவள் வாளை ஓங்கினாளோ இல்லையோ, அக்குளில் ‘டர்ர்’ என்று கிழிந்துவிட்டது!

அம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்கள்: “நிக்கிற ஆளுக்கு அளவெடுத்திருக்க. அவ சண்ட போடுற ராஜாடி. கையத் தூக்கச் சொல்லி அளவெடு.” சரியான கணக்கு இதுதான்:

மார்புச் சுற்று 28 + தளர்வு 8 = 36.
நான்காக மடித்து வெட்டுவதால் 36 ÷ 4 = 9.
தையலுக்குள் போகும் துணிக்கு 1. ஆக 10 அங்குலம்.

தோளுக்கு, பாதி அளவு ஆறரை, தையலுக்கு அரை, மொத்தம் 7 அங்குலம். உயரத்துக்கு 34-உடன், கீழே மடித்து அடிக்க ஒன்று, தோள் தையலுக்கு அரை சேர்த்து முப்பத்தைந்தரை. கீழ்ப்பக்கம் நடக்க வசதியாக 10 அங்குலத்தை 12 ஆக விரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தைத்ததைத் தூக்கிப் போட முடியாதே! பக்கத் தையலைப் பிரித்து இரண்டு பக்கமும் மிச்சத் துணியில் பட்டை கொடுத்து அகலமாக்கினோம். அக்குளில் 4 அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுப் போட்டோம். அந்தத் துண்டு வந்த பிறகு அவள் எவ்வளவு கையைத் தூக்கினாலும் கிழியவில்லை. ஒட்டுத் தெரியாமலிருக்க அதன்மேல் ஜரிகை லேஸை ஓட்டிவிட்டோம். பார்த்தவர்கள் அதையே டிசைன் என்று நினைத்துக்கொண்டார்கள்!

மெஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம். ஓட்டுத் தையல் சீக்கிரம் முடியும், ஆனால் இழுத்தால் பிரியும். பாரம் தாங்கும் இடத்தில் எல்லாம் பின்தையல் போட வேண்டும். ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி இரண்டு தையல் முன்னால் எடுப்பதுதான் பின்தையல்.

★ நான் செய்த தப்பு

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அங்கி தயாரான மறுநாள் ராஜாவின் இடுப்புக்கு ஒரு கச்சை தேவைப்பட்டது. அரக்கு நிறத்துக்குப் பச்சை எடுப்பாக இருக்கும் என்று தேடினேன். மெஷின் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டுத் துண்டு மடித்துக் கிடந்தது. தங்கக் கரை வேறு. அம்மா கடைக்குப் போயிருந்தார்கள். வெட்டின மிச்சத் துணிதான் என்று நானே முடிவு செய்து, 6 அங்குல அகலத்தில் நீளமாக ஒரு பட்டை வெட்டினேன். முனையை அரும்பு அரும்பாகக் கத்தரித்து, பெவிகால் தடவிச் சமிக்கி ஒட்டிக் காயவைத்தும் விட்டேன். ரொம்ப அழகாக இருந்தது.

அம்மா வந்து பார்த்தார்கள். ஒன்றுமே சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அது மிச்சத் துணி இல்லை. தெருக்கோடி வீட்டு அத்தையின் பட்டுச் சேலையோடு சேர்ந்து வந்த ஜாக்கெட் துணி. அவர்களுடைய அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. சேலையோடு சேர்த்து நெய்த துணி என்பதால் அதே நிறத்தில் வேறு துணி கடையில் கிடைக்காது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டார்கள்: “துணிய வெட்டுனா மறுபடி நெய்யவா முடியும்?” எனக்கு அழுகை வந்துவிட்டது. “நீயே போய்ச் சொல்லும்மா, எனக்குப் பயமா இருக்கு” என்றேன். “நான் எதுக்குச் சொல்லணும்? வெட்டினவதான் சொல்லணும். நான் கூட வர்றேன், வாசல்ல நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தெருக்கோடி அன்றைக்கு எனக்குப் பழனி வரைக்கும் நீண்ட மாதிரி இருந்தது. அத்தை வீட்டில் போய், “அத்தை, உங்க ஜாக்கெட் துணிய நான் தெரியாம வெட்டிட்டேன். அம்மா வெட்டல, நான்தான்” என்று ஒரே மூச்சில் சொன்னேன். அத்தை முகம் மாறிவிட்டது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். “எம்புட்டு வெட்டுன? எடுத்துட்டு வா பாப்போம்” என்று மட்டும் சொன்னார்கள். மிச்சத்தைப் பார்த்து, “ஒடம்புக்கு வரும், கைக்கு வராது” என்று அவர்களே கணக்குப் போட்டார்கள்.

வாசலில் நின்ற அம்மா அப்போதுதான் உள்ளே வந்தார்கள். “சேலையில உள்ள சொருகுற பக்கம் ஒரு சாண் எடுத்தா ரெண்டு கையும் வந்துரும் அண்ணி. வெளிய தெரியாது. ஆனா அது ஒங்க சேல, நீங்க சொன்னாத்தான் கத்திரி வைப்பேன்” என்றார்கள். அத்தை கொஞ்சம் யோசித்துச் சேலையை எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா இரண்டு ராத்திரி உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார்கள். தையல் கூலி வாங்கவில்லை.

நாடகச் செலவு போக மிச்சமிருந்த 245 ரூபாயை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார்கள் தோழிகள். அம்மா வாங்க மறுத்துவிட்டார்கள். “அது வகுப்புக் காசு, டீச்சர்கிட்ட குடு. நீ வெட்டினதுக்கு நீ கொக்கி கட்டு” என்றார்கள். அந்த மாதம் வந்த ஜாக்கெட்டுகளுக்கு எல்லாம் நான்தான் கையால் கொக்கி கட்டினேன். ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு வீதம் 25 ஜாக்கெட்டுக்கு 150 கொக்கி! விரல் எல்லாம் ஊசி குத்தின புள்ளி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் எம்மிங் தையல் நேரானது அந்த 150 கொக்கியில்தான்.

தோழிகளே, தையல் புத்தகத்தில் முதல் பாடம் அளவெடுப்பது என்று இருக்கும். என்னைக் கேட்டால், அதற்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு. கத்திரியை எடுக்கும் முன், “இது யாருடைய துணி?” என்று கேட்க வேண்டும். வீட்டில் சும்மா கிடப்பது போலத் தெரியும் துணி யாராவது ஒருவருக்கு வேண்டியதாக இருக்கும். இதற்குப் பிறகு மற்ற எல்லாத் துணிக்கும் வீட்டு வீட்டுக்குப் போய்க் கேட்டுத்தான் வாங்கினேன்.

★ மேலாடை, கிரீடம், வாள், மீசை

மேலாடை: அம்மாச்சியிடம் கேட்டபோது, “கிழிஞ்ச சேலதான, எடுத்துக்க தாயி. ஆனா முந்தியக் கிழிக்காத, அது எனக்கு வேணும்” என்றார்கள். முந்தியை அவர்களுக்கே மடித்துக் கொடுத்துவிட்டேன். அது நம் பக்கத்துச் சின்னாளபட்டிச் சுங்குடி. துணியில் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. கட்டை அவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி. இப்போது மெழுகு அச்சு வைத்தும் செய்கிறார்கள். கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி என்பதால் மேடை விளக்கில் ராத்திரி வானம் மாதிரியே இருந்தது. இதற்குத் தையல் அதிகம் இல்லை. இரண்டு கஜம் எடுத்து ஓரம் மடித்து அடித்து, மேல்பக்கம் நாடா கோத்துச் சுருக்கித் தோளில் கட்டினோம்.

கிரீடம்: ராஜாவின் தலைச் சுற்று 21 அங்குலம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்ட 1 அங்குலம் சேர்த்து 22 அங்குல நீளம், 5 அங்குல உயரத்தில் அட்டை வெட்டினோம். 21-ஐ 7-ஆல் வகுத்தால் 3. ஆகவே 3 அங்குலத்துக்கு ஒரு முனையாக ஏழு முனை வந்தது. மேலே தங்கத் தாள் ஒட்டி, கல்யாணப் பத்திரிகையில் இருந்த பூவையும் மயிலையும் கத்தரித்துப் பதித்தோம். நெற்றிப் பக்கம் பழைய பனியன் துணியை உள்ளே ஒட்ட மறக்காதீர்கள். வியர்வை பட்டால் அட்டை இளகிவிடும். பின்னால் எலாஸ்டிக் வைத்தால் குனியும்போது விழாது.

வாள்: மூன்று அட்டையை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, நடுவில் மெல்லிய மூங்கில் பட்டை வைத்து, ஒரு ராத்திரி முழுக்கப் புத்தகங்களை மேலே அடுக்கி அழுத்தி வைக்க வேண்டும். இல்லையென்றால் வாள் வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும். முனை மழுங்கலாகத்தான் இருக்க வேண்டும். வீட்டு அரிவாள், கத்தி எதையும் மேடைக்குக் கொண்டுவரக் கூடாது.

மீசை: பசை போட்டு ஒட்டாதீர்கள், தோல் எரியும். கண்மையால் வரைந்தாலே போதும். “பொம்பளப் பிள்ளைக்கு மீசையா?” என்று சிலர் கேலி செய்தார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். மேடையில் ஒளவையாராக நடித்துப் பெயரோடு ‘அவ்வை’ சேர்ந்தது டி.கே. சண்முகம் என்ற ஆணுக்கு! சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய நாடகக் குழுவில் எல்லா வேடத்தையும் பையன்கள்தான் போட்டார்கள். வேடத்துக்கு ஆண் பெண் கணக்கு கிடையாது.

★ வேதாளம் செய்யும் முறை

எல்லோரும் கேட்டது இதைத்தான். பொறுமையாகப் படியுங்கள்.

1. புது வெள்ளைத் துணி பிணம் மாதிரி இருக்காது, தலையணை மாதிரி இருக்கும். 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் டீத்தூளும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி, அதில் வேட்டியை அரை மணி நேரம் ஊறவைத்தோம். நூறு வருடப் பழசு மாதிரி ஆகிவிட்டது. அடுப்பு வேலையைப் பெரியவர்கள்தான் செய்தார்கள்.

2. இரண்டு வேட்டியையும் ஒன்றன்மேல் ஒன்று விரித்து, எங்களில் குள்ளமான தோழியை அதன்மேல் படுக்கவைத்துச் சாக்பீஸால் சுற்றி வரைந்தோம். கோட்டுக்கு வெளியே 2 அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். ஏனென்றால் உள்ளே அடைத்ததும் உருண்டு அகலம் குறைந்துவிடும்.

3. சுற்றித் தைத்து, முதுகில் 8 அங்குலம் திறப்பு விட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்ப வேண்டும்.

4. முதலில் உள்ளே தையல் வெட்டுத் துணிகளை அடைத்தோம். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தால் 11 கிலோ! ராஜாவின் எடையே 38 கிலோதான். அவளால் நாலு அடி நடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, காய்ந்த வாழைச் சருகைக் கசக்கி அடைத்தோம். இரண்டரைக் கிலோவில் முடிந்தது. அதோடு அசையும்போதெல்லாம் ‘சரசர’ என்று சத்தம் வேறு. கேட்காமல் கிடைத்த பேய்ச் சத்தம்!

5. முழங்கை, முழங்கால், கழுத்து ஆகிய இடங்களில் ஒன்றும் அடைக்காமல் குறுக்கே ஒரு தையல் போட வேண்டும். அப்போதுதான் கை கால் தொங்கி ஆடும். இல்லையென்றால் திண்டைத் தூக்கிப் போவது போலிருக்கும். உள்ளங்கையில் மட்டும் கனத்துக்காகப் புளியங்கொட்டை போட்டுத் தைத்தோம். அதனால்தான் ராஜா நடக்கும்போது கை முன்னும் பின்னும் ஊசலாடியது.

6. தலைமுடிக்கு வாழை நார். தண்ணீரில் நனைத்துச் சீப்பால் கோதிக் காயவைத்துக் கொத்துக் கொத்தாகத் தைத்தோம்.

7. ராஜாவின் தோளிலும் வேதாளத்தின் வயிற்றிலும் வெல்க்ரோ பட்டை. மரத்துக்குப் பறக்கும் நேரத்தில் திரைக்குப் பின்னால் இருந்து நைலான் கயிற்றை இழுத்தால் ‘கரக்’ என்று பிரிந்து மேலே போய்விடும்.

கயிற்றை முருங்கைக் கிளையில் மாட்டாதீர்கள்! நாங்கள் கதைப்படி செய்கிறோம் என்று நிஜ முருங்கைக் கிளையில் மாட்டி இழுத்தோம். முருங்கை சட்டென்று முறியும் மரம் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை. கிளை, வேதாளம், இரண்டும் ராஜா தலையில் விழுந்தன. பிறகு மேலே குறுக்காக ஒரு மூங்கில் கட்டி அதில் கயிற்றைப் போட்டு, முருங்கைக் கிளையைச் சும்மா அலங்காரத்துக்கு வைத்தோம்.

வேதாளத்துக்குக் குரல் கொடுத்த தோழி மரத்துக்குப் பின்னால் கறுப்புத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

★ விழா அன்று

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது கதை நடக்கும்போது வேதாளத்தின் வலது கையிலிருந்து ‘கலகல’ என்று புளியங்கொட்டை மேடை முழுக்கக் கொட்டியது. முதல் வரிசையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் திரைக்குப் பின்னால் கை கால் ஓடவில்லை. ஆனால் ராஜா அசரவே இல்லை. நின்று திரும்பி, “வேதாளமே! கையில் இருந்ததைக் கொட்டிவிட்டாய். இனி மனதில் இருக்கும் கதையைக் கொட்டு!” என்றாளே பார்க்கலாம்! அரங்கமே கைதட்டியது. அது எழுதி வைத்த வசனம் என்றுதான் தலைமையாசிரியர் அம்மாகூட நினைத்தார்களாம்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த வலது கையை முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அவசர அவசரமாக ஓட்டுத் தையலில் முடித்தது நான். இடது கையைப் பொறுமையாகப் பின்தையலில் தைத்திருந்தேன். அது கொட்டவில்லை. “பதறாத காரியம் சிதறாது” என்று பெரியவர்கள் சொன்னது வேதாளத்துக்கும் பொருந்தும்!

★ கவனத்தில் வைக்க

• துணியை எடுக்கும் முன் உரியவரிடம் கேள்.
• முதலில் செய்தித்தாளில் வெட்டிப் பார். “பேப்பர் கெட்டா நாளைக்கு வேற பேப்பர் வரும்” என்பது எங்கள் அம்மாவின் வாக்கு.
• நிற்கும் அளவு வேறு, நடிக்கும் அளவு வேறு. கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பார்த்து அளவெடு.
• வாழைச் சருகு சட்டென்று தீப்பிடிக்கும். சுடுகாட்டுக் காட்சி என்று தீப்பந்தம், மெழுகுவர்த்தி, சூடம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. நாங்கள் டார்ச் லைட்டில் சிவப்புத் தாள் ஒட்டித்தான் நெருப்பு காட்டினோம்.
• முழு உடையோடு குறைந்தது இரண்டு ஒத்திகை வேண்டும். கிழிவது அங்கேயே கிழியட்டும்.
• விழாவுக்கு மூன்று நாள் முன்பே தையலை முடித்துவிடு.

★ முடிவுரை

நாடகம் முடிந்ததும் அங்கியையும் கிரீடத்தையும் பள்ளியிலேயே ஒப்படைத்துவிட்டோம். அடுத்த வருடம் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எட்டு முழ வேட்டியைத் துவைத்துத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டேன். சமிக்கி ஒட்டிய பச்சைக் கச்சையை ராஜாவுக்குக் கட்டவில்லை. வெறும் அரக்குப் பட்டைதான் கட்டினோம். பச்சைக் கச்சை எங்கள் வீட்டு மெஷின் டிராயரில் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் அம்மா ஒரு சின்னச் சீட்டில் வீட்டுப் பெயரும் தேதியும் எழுதிக் குண்டூசியால் குத்தி வைக்கிறார்கள். சீட்டு எழுதுவது என் வேலை. தெருக்கோடி அத்தை போன வாரமும் ஒரு ஜாக்கெட் துணி கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்து, “சீட்ட நல்லாப் பெருசா எழுது தாயி” என்றார்கள். பெரிதாகத்தான் எழுதினேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி,
திண்டுக்கல்.